பேட்டரி போச்சு என்று முடிவு கட்டும் முன்

(நம் சமுதாயக் கூடத்தில் மே மாத ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இடையில் வந்த கேள்விகளும் அந்தந்த இடத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் கீழே இறங்கி வந்திருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான் இல்லை, போன வாரம் மூன்று ராத்திரி தொடர்ந்து போன கரண்ட்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மூன்று ராத்திரியும் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள்தான் மாறி மாறி வந்தன. ஒன்று, "கரண்ட் எப்போ வரும்?" இன்னொன்று, "இன்வர்ட்டர் பத்து நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சுடுச்சு, பேட்டரி போச்சு, நல்ல கடை யாருக்காவது தெரியுமா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

ஒரு 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இன்று பதினைந்தாயிரம் ரூபாய் பக்கம் வந்துவிட்டது. நம்மில் பாதிப் பேர் ஓய்வூதியத்தில் இருப்பவர்கள். பேட்டரி நிஜமாகவே செத்துவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பல வீடுகளில் பேட்டரி சாகவில்லை, அதற்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை. பட்டினி கிடப்பவனைப் பிணம் என்று தூக்கிக்கொண்டு போகிறோம்.

நம் பிளாக்கிலேயே ஒரு வீடு. அவர்கள் சம்மதத்துடன்தான் சொல்கிறேன். கடையிலிருந்து ஆள் வந்தார், பேட்டரியைப் பார்த்தார், "முடிஞ்சது சார்" என்றார். புதுசு வந்தது, பழையது அதே வண்டியில் போனது. மூன்றாம் நாள் கரண்ட் போனபோது புதுசும் கத்தியது. போய்ப் பார்த்தால், இன்வர்ட்டர் சொருகியிருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் கம்பி தளர்ந்து, கருகி, தொட்டும் தொடாமலும் இருந்தது. இருநூறு ரூபாய் சாக்கெட். அந்தப் பழைய பேட்டரிக்கு இன்னும் இரண்டு வருடமாவது உயிர் இருந்திருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது.

இன்வர்ட்டர் என்ற பெயரே பாதி வேலையைத்தான் சொல்கிறது. கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து எடுத்து ஃபேனுக்கும் விளக்குக்கும் கொடுப்பது ஒரு வேலை. அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. மிச்ச இருபத்திரண்டு, இருபத்துமூன்று மணி நேரமும் அதே பெட்டி சார்ஜராக இருக்கிறது. பழுது வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் அங்கே வீட்டையே வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டிகளில் இந்தச் சார்ஜர் வேலையைச் செய்யும் பெட்டிக்குக் கன்வர்ட்டர் என்று தனிப் பெயர் உண்டு. பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் ஷூட்டிங்குக்கு வந்து நிற்கும் கேரவனிலும் வெளியிலிருந்து கரண்ட் எடுத்து உள்ளே பேட்டரிக்கு ஏற்ற ஒரு சார்ஜர் வேண்டும். அங்கும் பேட்டரி ஏறவில்லை என்றால் தேடும் முறை இதேதான்: கரண்ட் பெட்டிக்குள் வருகிறதா, பெட்டியிலிருந்து வெளியே போகிறதா, போவது பேட்டரிக்குள் இறங்குகிறதா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேட்டரியைக் குறை சொல்வது கடைசியில்.

பேட்டரியைப் பற்றி இரண்டே வார்த்தை. ஈயமும் அமிலமும் சேர்ந்த இந்தச் சாமானை 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்தார். அடிப்படை இன்னும் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் நிறைந்திருக்கும்போது 2.1 வோல்ட் தரும். ஆறு அறைக்கு 12.6. இந்த 12.6 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைக் கையில் எடுக்கும் முன் சில விஷயம். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் ஓடும், ஸ்பேனர் பழுத்துவிடும், விரலில் மோதிரம் இருந்தால் விரலோடு போகும். இரண்டாவது, சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடியது. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதவு மூடிய செருப்பு அலமாரிக்குள், பூஜை விளக்குக்குக் கீழே, கேஸ் சிலிண்டர் பக்கத்தில், இந்த மூன்று இடத்திலும் நம் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தீக்குச்சி வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். சிரிக்கிறீர்கள், பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மீட்டர். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். திருகை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்புக் கம்பி '10 ஆம்பியர்' என்று எழுதிய துளையில் இல்லை, 'வோல்ட்' என்று எழுதிய துளையில்தான் இருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். அந்த ஆம்பியர் துளையில் சொருகிவிட்டு பேட்டரியில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட். சுவரில் வரும் 230 வோல்ட் பக்கம் இந்த மீட்டரோடு போகாதீர்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

முதல் அளவு, ஓய்வில். இன்வர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு, பேட்டரியின் இரண்டு ஈய முனையிலும் நேராக வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. காலி என்றால் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. யாரோ சாப்பாடு போடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது அளவு, சார்ஜில். பிளக்கைச் சொருகி, இன்வர்ட்டரைப் போட்டு, அதே இடத்தில் மீட்டர். இங்கேதான் உண்மை வெளியே வரும். எண் மெல்ல ஏற வேண்டும். 13, 13.5 என்று போய், சில மணி நேரத்தில் 14.4 பக்கம் வந்து, நிறைந்த பிறகு 13.6, 13.7இல் நிற்கும். பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். பிளக் போட்ட பிறகும் எண் அசையவே இல்லை, ஓய்வில் இருந்ததே காட்டுகிறது என்றால், சார்ஜரிலிருந்து எதுவும் வரவில்லை. பேட்டரியை விட்டுவிடுங்கள், அதன் மேல் குற்றம் இல்லை. மாறாக 15ஐத் தாண்டி ஏறினால் உடனே அணையுங்கள். சார்ஜர் கட்டுப்பாடு போய் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீடுகளில் மாதா மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நல்ல நிலையில் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும்.

மூன்றாவது அளவு, சுமையோடு. மெயினை அணைத்து, இரண்டு ஃபேன், நான்கு விளக்கு ஓடவிட்டுப் பாருங்கள். 12.3, 12.2 என்று நின்று நிதானமாக இறங்கினால் நல்லது. இரவு முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி, ஐந்து நிமிடத்தில் 10.5க்கு விழுந்தால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

(கேள்வி: "சார், மீட்டர் எல்லாம் வேண்டாம், இன்வர்ட்டர்லயே ஃபுல் சார்ஜ்னு காட்டுதே?")

நல்ல கேள்வி. அந்தப் பெட்டி தன் கம்பி முனையில் இருக்கும் வோல்ட்டைத்தான் பார்க்கிறது. பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நடுவில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதே, அதைத் தாண்டித்தான் பேட்டரி. சார்ஜ் ஆகும்போது 15 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூப்பில் 0.02 ஓம் தடை இருந்தால் 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். பெட்டி 14.4 கொடுத்தேன் என்று நினைக்கும், பேட்டரிக்கு 14.1தான் கிடைத்திருக்கும். கரண்ட் போனபோது 40 ஆம்பியர் எடுத்தால் அதே இடத்தில் 0.8 வோல்ட் போகும். பேட்டரியில் சரக்கு இருக்கும்போதே பெட்டி, லோ பேட்டரி என்று கத்தும். இதைப் பிடிப்பது சுலபம். சுமை ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியை ஈய முனையின் மேலும், இன்னொன்றை அதில் மாட்டியிருக்கும் கேபிள் கவ்வியின் மேலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் திருடன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

சுத்தம் செய்ய இன்வர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, முதலில் நெகட்டிவ் கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா நீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி, மேலே லேசாக வாசலின். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இருபது நிமிட வேலை. பேட்டரி மாற்ற வருபவர் இதைச் செய்ய மாட்டார். இதில் அவருக்கு வியாபாரம் இல்லை.

சரி, சார்ஜரிலிருந்தே எதுவும் வரவில்லை என்றால்? சாக்கெட் கதை சொல்லிவிட்டேன். இன்வர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஃபியூஸோ, அமுக்கும் பொத்தானோ, எம்.சி.பி.யோ இருக்கும். அது விழுந்திருந்தால் பெட்டிக்குள் கரண்ட் வராது. வீட்டில் எல்லாம் எரியும், இன்வர்ட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லோ வோல்டேஜ். கோடையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது நம் சி.டி.எச். சாலையை ஒட்டிய தெருக்களில் விளக்கு மங்குவதை நீங்களே பார்க்கிறீர்கள். இன்வர்ட்டரில் யூ.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கம்ப்யூட்டருக்காக யாரோ யூ.பி.எஸ். பக்கம் தள்ளியிருப்பார்கள். அந்த நிலையில் 180 வோல்ட் பக்கம் இறங்கினாலே பெரும்பாலான பெட்டிகள் கரண்ட் போய்விட்டது என்று முடிவு செய்து பேட்டரிக்கு மாறிவிடும். அதாவது தெருவில் கரண்ட் இருக்கும்போதே உங்கள் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். ஒரு மணிக்கு நிஜமாகக் கரண்ட் போகும்போது அதில் ஒன்றும் இருக்காது. நார்மலில் வைத்தால் இன்னும் குறைந்த வோல்டேஜிலும் சார்ஜ் ஏறும். வீட்டில் மேசைக் கம்ப்யூட்டர் இல்லை என்றால் நார்மலே போதும். வோல்டேஜ் தினமும் விழுகிறது என்றால் அது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, தெருவின் பிரச்சினை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு புகார் போவதைவிட அது கனமாக இருக்கும்.

அதே பின்பக்கத்தில் பேட்டரி வகைக்கும் ஒரு சுவிட்ச் இருக்கலாம். டியூபுலர் பேட்டரியை வைத்துக்கொண்டு சுவிட்ச் சீல்டு பேட்டரியில் இருந்தால் வாழ்நாள் முழுக்க அரை வயிறுதான்.

ஜெனரேட்டரும் இதில் வருகிறது. நம் பொது ஜெனரேட்டரில் ஒரு வீட்டுக்கு 500 வாட்ஸ் என்று அளவு வைத்திருக்கிறோம். இன்வர்ட்டரை அந்த லைனில் கொடுத்திருப்பவர்கள் கவனியுங்கள். காலியான பேட்டரி 15 ஆம்பியர் வாங்கும்போது, இழப்பையும் சேர்த்து 250 வாட்ஸுக்கு மேல் அதற்கே போய்விடும். மிச்சத்தில் இரண்டு ஃபேனும் டி.வி.யும் போட்டால் டிரிப். பிறகு வாட்ச்மேனைத் திட்டுகிறோம்.

தண்ணீர். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் குழாய்களில் படிந்த உப்பு சொல்லும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பிடித்து ஊற்றுபவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. அதில் தூசியும் உலோகத் துகளும் இருக்கும். ஆசிட் ஒருபோதும் ஊற்றாதீர்கள், குறைவது தண்ணீர்தான். சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள். தகடு வெளியே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை முதலில் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

(கேள்வி: "அப்போ எப்பதான் மாத்தணும்?")

இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, எடுத்த பிறகு ஓய்வில் 10.5 பக்கமே நின்றால் ஓர் அறை போய்விட்டது. கணக்குப் பாருங்கள், ஐந்து அறை, ஐந்து தடவை 2.1. அதற்கு வைத்தியம் இல்லை. இன்னொன்று, காலியான பேட்டரி சார்ஜ் போட்ட பத்து நிமிடத்தில் 14ஐத் தாண்டி, "நிறைஞ்சிட்டேன்" என்று சொல்லி, சுமை கொடுத்தவுடன் விழுந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிட்டது. நீண்ட நாள் காலியாகக் கிடந்த பேட்டரிகளுக்கு இது வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, ஓர் அறை மட்டும் கொதித்தாலோ, பக்கவாட்டில் உப்பினாலோ உடனே அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு பேட்டரி, 24 வோல்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவெடுங்கள். மொத்தம் சரியாக இருக்கும், உள்ளே ஒன்று 13, ஒன்று 11.5 என்று இருக்கும். ஒன்று போனால் ஜோடியாக மாற்றுவதுதான் நல்லது. பழையது புதுசையும் கெடுக்கும்.

காலியாகக் கிடப்பது என்றேன். பேரனைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகிறோம். மெயினை அணைத்துவிட்டுப் போகிறோம், இன்வர்ட்டரை அணைக்க மறந்துவிடுகிறோம். அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, ஓடாத வீட்டுக்கு ஓடி, சில நாளில் காலியாகி, ஆறு மாதம் அப்படியே கிடக்கிறது. திரும்பி வரும்போது அது பேட்டரி இல்லை, ஈயக் கட்டி. போவதற்கு முன் நிறைய ஏற்றி, தண்ணீர் பார்த்து, இன்வர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போங்கள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். நம் குடியிருப்பில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இருக்கும் வீடு உண்டு. ஐந்து லிட்டர் இயந்திரம் 350 வாட்ஸ் பக்கம் எடுக்கும். அது மட்டும் ஓடினால்கூட, புத்தம் புது 150 ஏ.எச். பேட்டரியில் சுமார் மூன்று மணி நேரம். மூன்று வயதான பேட்டரியில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். இன்வர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டு ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாமையும் நினைத்துப் பாருங்கள். கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். எந்தப் பேட்டரியும் அத்தனை நாள் வராது. அப்படிப்பட்ட வீடுகள் எவை என்று செயலாளரிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், ஜெனரேட்டரில் முதல் இடம் அவர்களுக்கு. இதை இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் இன்வர்ட்டரை ஓரடியாவது உயர்த்தி வையுங்கள். தண்ணீரில் நனைந்த பெட்டியைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து நீங்களே போடாதீர்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க நல்ல நாள் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 வரை நிறுத்துகிறார்களே, முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். அன்று என்னென்ன ஓடுகிறது, எத்தனை மணிக்குக் கத்தியது என்று பெட்டியின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை அதே சுமையில் ஒரு மணி நேரம் குறைந்திருந்தால், அன்றைக்கே மீட்டரை எடுங்கள். சுமை கூடியிருந்தால் அது பேட்டரியின் குற்றம் இல்லை. பழைய ஃபேன் 75 வாட்ஸ், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ். பேட்டரிக்குக் கொடுக்கும் காசில் நான்கு ஃபேன் மாற்றலாம் என்பதையும் யோசியுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கடையிலேயே கொடுத்து விலை கழித்துக்கொள்ளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. தெருவில் வருபவரிடம் கொடுத்தால், அவர் ஆசிட்டைக் கால்வாயில் கொட்டிவிட்டு ஈயத்தை எடுத்துப் போவார். அந்தக் கால்வாய் ஏரிக்குத்தான் போகிறது.

சங்கத்துக்காக ஒரு மல்டிமீட்டர் வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், அன்று மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளவெடுக்கத் தயக்கமாக இருப்பவர்கள் வீட்டு எண்ணை எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏ பிளாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். சனி ராத்திரியே இன்வர்ட்டர் பக்கத்தில் இருக்கும் செருப்பு, துடைப்பம், பழைய பேப்பர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டால் சீக்கிரம் முடியும்.